பவர் பேங்கில் லேப்டாப் சார்ஜ் ஏறுமா? எம்.ஏ.ஹெச்சை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்

மொபைல் கடையில் போய் "அண்ணே, இதுல லேப்டாப்புக்கு சார்ஜ் ஏறுமா?" என்று கேட்டால், "தாராளமா ஏறும் தம்பி, இருபதாயிரம் எம்.ஏ.ஹெச் ஆச்சே" என்று பதில் வரும். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. இருபதாயிரம் என்பது பெட்டிக்குள் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதற்கான கணக்கு. அந்த இருப்பு லேப்டாப்புக்கு வேண்டிய வோல்ட்டில், வேண்டிய வேகத்தில் வெளியே வருமா என்பது வேறு கணக்கு, அதைச் சொல்வதுதான் வாட். தண்ணீர் லாரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதில் மாட்டியிருக்கும் குழாய் விரல் மொத்தம்தான் என்றால் தெருவே குடத்தோடு காத்துக்கிடக்க வேண்டியதுதான். 20000 எம்.ஏ.ஹெச்சில் 10 வாட் மட்டும் தருகிற பவர் பேங்கும் விற்கிறது, 100 வாட் தருகிற பவர் பேங்கும் விற்கிறது. முதலாவதால் லேப்டாப்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இப்போது நிறையப் பேருக்கு வந்துவிட்டது. பராமரிப்புப் பணி என்று சொல்லி மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தினால், கரண்ட் திரும்ப வர மதியமோ மாலையோ ஆகிவிடுகிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அன்றைக்கு விடுமுறை கிடையாது. ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஒரே ப்ளக் பாயிண்ட், ரயிலில் இருக்கிற பாயிண்ட்டில் ஏற்கனவே நாலு போன் தொங்குகிறது. பவர் பேங்க் வாங்கிவிடலாம் என்று நினைக்கும்போதே இரண்டு பயமும் கூடவே வரும். லேப்டாப் போர்டு போய்விடுமோ என்பது ஒன்று. பவர் பேங்க் வெடித்துவிடுமோ என்பது இன்னொன்று.

முதல் பயம், சரியான டைப்-சி லேப்டாப்பையும் சரியான கேபிளையும் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் தேவையில்லாதது. இரண்டாவது நியாயமான பயம்தான். ஆனால் லேப்டாப் அதிகமாக உறிஞ்சுவதால் வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், காரணம் அதுவல்ல. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிடுவோம்.

சொருகியதும் நடக்கும் பேச்சுவார்த்தை

பழைய யூஎஸ்பிக்கு ஒரே வோல்ட்தான் தெரியும்: 5. செவ்வக வாய் உள்ள பழைய யூஎஸ்பி சார்ஜர்கள் 5 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் கொடுத்தாலே பெரிய விஷயம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது 10 வாட். போனுக்கு அது போதும். லேப்டாப் பேட்டரிக்குள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். மூன்று செல் என்றால் முழு சார்ஜில் 12.6 வோல்ட். அதற்குள் மின்சாரத்தைத் தள்ள 5 வோல்ட் போதாது. பெரும்பாலான லேப்டாப்கள் 20 வோல்ட் கேட்பதற்கு இதுதான் அடிப்படை.

ஒரே வாயில் போனுக்கு 5 வோல்ட்டும் லேப்டாப்புக்கு 20 வோல்ட்டும் வர வேண்டும், ஒன்றுக்குரியது இன்னொன்றுக்குப் போய்விடவும் கூடாது. இதற்காக உருவான ஏற்பாட்டின் பெயர் பவர் டெலிவரி. பெட்டிகளில் சுருக்கமாக பி.டி. என்று போட்டிருப்பார்கள். டைப்-சி முனைக்குள் இருக்கும் மெல்லிய தொடுமுனைகளில் ஒன்று இந்தப் பேச்சுக்காகவே ஒதுக்கப்பட்டது. கேபிளைச் சொருகியதும் பவர் பேங்க் முதலில் 5 வோல்ட் மட்டும் தருகிறது. பிறகு தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அந்தத் தனிக் கம்பி வழியாக ஒரு பட்டியலை அனுப்புகிறது: 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், 9 வோல்ட்டில் 3, 15 வோல்ட்டில் 3, 20 வோல்ட்டில் 3.25 என்கிற மாதிரி. லேப்டாப் அதில் தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து, "20 வோல்ட் கொடு, இத்தனை ஆம்பியருக்கு மேல் எடுக்க மாட்டேன்" என்று கேட்கிறது. பவர் பேங்க் சரி என்று சொல்லி வோல்ட்டை உயர்த்தி, தயார் என்று தகவல் அனுப்பிய பிறகுதான் லேப்டாப் மின்சாரத்தை எடுக்கத் தொடங்குகிறது.

கேபிளுக்கு நடுவே மாட்டுகிற சின்ன டைப்-சி மீட்டர் ஒன்று கிடைக்கிறது. அதை மாட்டிப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சொருகியதும் திரையில் 5.1 என்று நிற்கும். ஒரு கண் சிமிட்டலுக்குள் 20 என்று தாவும். அதன்பிறகு ஆம்பியர் எண் மெல்ல ஏறி, லேப்டாப் என்ன செய்கிறதோ அதற்குத் தகுந்தபடி ஆடிக்கொண்டிருக்கும். ஒரு வீடியோ ஓடவிட்டால் ஏறும், நிறுத்தினால் இறங்கும். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை லேப்டாப்தான் முடிவு செய்கிறது என்பது அந்த ஆட்டத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

அதனால் 45 வாட் லேப்டாப்பை 100 வாட் பவர் பேங்கில் மாட்டினால் எரிந்துவிடுமா என்ற கேள்விக்கு, எரியாது என்பதே பதில். அது தனக்கு வேண்டிய 45 வாட்டை எடுத்துக்கொள்ளும். பேச்சு எங்காவது முறிந்தாலும் 5 வோல்ட்டுக்கு மேல் போகாது.

தலைகீழாக, 65 வாட் லேப்டாப்பை 30 வாட் பவர் பேங்கில் மாட்டினால் என்ன ஆகும்? இதிலும் எதுவும் எரியாது, சிலது சார்ஜ் ஆகாது, அவ்வளவுதான். சில லேப்டாப்கள் ஒரு குறிப்பிட்ட வாட்டுக்குக் கீழே இருந்தால் கண்டுகொள்ளவே மாட்டா. சிலது மெதுவாக ஏற்றிக்கொள்ளும். விண்டோஸில் ஸ்லோ சார்ஜர் என்று எச்சரிக்கை வரலாம். வேலை அதிகமாக இருக்கும் நேரத்தில் சார்ஜர் சொருகியிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்கிக்கொண்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகம். லேப்டாப்பை மூடித் தூங்கவைத்துவிட்டு ஏற்றினால் அந்த 30 வாட்டிலேயே நன்றாக ஏறும். மேக்புக் ஏர் மாதிரி 30 வாட் சார்ஜரோடு வந்த லேப்டாப்களுக்கு அது முழு வேகமே.

ஒரு வேடிக்கையும் உண்டு. டைப்-சி வாய் வாங்கவும் தெரிந்தது, கொடுக்கவும் தெரிந்தது. சில நேரம் இரண்டு பக்கமும் குழம்பி, லேப்டாப் தன் பேட்டரியிலிருந்து பவர் பேங்கை சார்ஜ் செய்யத் தொடங்கிவிடும். அரைமணி கழித்துப் பார்த்தால் பவர் பேங்கின் விளக்கு கூடியிருக்கும், லேப்டாப் இறங்கியிருக்கும். கேபிளைக் கழற்றி, பவர் பேங்கின் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி சொருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சொருகியதும் லேப்டாப் திரையின் மூலையில் சார்ஜ் ஆகும் அடையாளம் வந்ததா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் லேப்டாப்புக்கு எத்தனை வாட்?

லேப்டாப்போடு வந்த சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துகளுக்கு நடுவே அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும். 20 வோல்ட், 2.25 ஆம்பியர் என்றால் 45 வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். இன்புட் வரியைப் பார்த்துவிட்டு 240 வோல்ட் என்று குழம்ப வேண்டாம், அது சுவரிலிருந்து வருவது. ஆபீஸ் வேலைக்கான லேப்டாப்கள் பெரும்பாலும் 45-க்கும் 65-க்கும் நடுவே முடிந்துவிடும். கேமிங் லேப்டாப் என்றால் 180, 240, 330 வாட் என்று சார்ஜரே கையில் கனக்கும். அவற்றில் சில, டைப்-சி வழியாக 100 வாட் வரை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அது டைப்பிங்குக்கும் பிரவுசருக்கும்தான் போதும், கேமுக்கு ஆகாது.

அடுத்து பவர் பேங்கின் முதுகு. அதன் அவுட்புட் வரிகளில் 20 வோல்ட் என்ற எண் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். கடைகளில் 22.5 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங் என்று குவிந்திருப்பவை எல்லாம் போனுக்கானவை. பட்டியல் 12 வோல்ட்டோடு நின்றுவிடும். விண்டோஸ் லேப்டாப்கள் பெரும்பாலும் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. லேப்டாப்புக்கு என்று வாங்கினால் குறைந்தது 45 வாட், முடிந்தால் 65 வாட் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால் விலையும் எடையும்தான் கூடும், 65 வாட் சார்ஜரோடு வந்த லேப்டாப்புக்கு வேறு லாபமில்லை.

பெட்டியில் பெரிதாக 100 வாட் என்று அச்சடித்துவிட்டு, பின்பக்கம் எறும்பு எழுத்தில் "மொத்தம்" என்று போடும் வழக்கம் உண்டு. இரண்டு மூன்று வாய்களையும் சேர்த்துத்தான் 100. லேப்டாப் மாட்டும் வாயில் தனியாக 65 இருக்கலாம். பக்கத்து வாயில் ஒரு போனை மாட்டியதும் அந்த 65-உம் 45 ஆகிவிடலாம். போனை மாட்டிய நொடியில் லேப்டாப்பின் சார்ஜ் ஒரு தடவை அறுந்து திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். பங்கு மாறியதால் பேச்சுவார்த்தை முதலிலிருந்து நடக்கிறது, கோளாறு எதுவுமில்லை.

லேப்டாப்பில் டைப்-சி வாய் இருப்பதாலேயே அது சார்ஜ் வாங்கும் என்று சொல்ல முடியாது. விலை குறைந்த மாடல்களில் அந்த வாய் பென்டிரைவுக்கும் தரவு மாற்றத்துக்கும் மட்டும் இருக்கும். லேப்டாப்போடு வந்த சார்ஜரே டைப்-சி என்றால் சந்தேகமே வேண்டாம். அப்படி இல்லையென்றால் வாயின் பக்கத்தில் பேட்டரி படமோ ப்ளக் படமோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியது. அங்கே ஒரு மாடல், இங்கே ஒரு மாடல் என்று செய்வது கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் நம் ஊரிலும் புது லேப்டாப்களில் இந்தக் குழப்பம் குறைந்துகொண்டே வருகிறது.

எல்லாக் கேபிளும் ஒன்றல்ல

இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிள்தான் வேண்டும். ஒரு முனை செவ்வகமாகவும் மறுமுனை டைப்-சி ஆகவும் இருக்கும் கேபிளில் நான் மேலே சொன்ன பேச்சுவார்த்தைக்கு வழியே இல்லை. சாதாரண சி-க்கு-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் வாங்க வேண்டும். அதன் முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று அது சொன்னால்தான் பவர் பேங்க் 60 வாட்டைத் தாண்டும். 100 வாட் பவர் பேங்க் வாங்கியும் வேகம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். 2021-இல் வந்த புதிய விதிமுறை 48 வோல்ட், 240 வாட் வரை போகிறது. இப்போது புதிதாகக் கேபிள் வாங்குபவர் 240 வாட் என்று போட்டதையே வாங்கிவிட்டால் பல வருடத்துக்குக் கவலையில்லை.

கேபிளில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங் 2015-இல் டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, விதிமுறைப்படி இருக்கிறதா இல்லையா என்று அமேசானில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு மலிவுக் கேபிளில் மின்சாரம் போகும் கம்பியும் எர்த் கம்பியும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. மாட்டியதுமே அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப்பின் டைப்-சி வாய்கள் இரண்டும் போயின. அளந்துகொண்டிருந்த சோதனைக் கருவிகளும் கெட்டன. பவர் டெலிவரியில் எத்தனை பாதுகாப்பு இருந்தாலும், கம்பியே மாறியிருந்தால் யார் என்ன பேசி என்ன பயன்?

காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் டைப்-சி முனைகளைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். 20 வோல்ட், 3 ஆம்பியர் ஓடும் இடத்தில் வேண்டாம். தொடுமுனைகள் வெளியே திறந்து கிடக்கின்றன, ஒரு சின்ன இரும்புத்தூள் ஒட்டினாலும் ஷார்ட் ஆகலாம். அப்புறம், சார்ஜ் ஏறும்போது கேபிளின் முனையை எப்போதாவது தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை எடுக்கும் அளவுக்குச் சூடு, முனையில் பழுப்பு நிறம், லேசாக ஆட்டினால் சார்ஜ் விட்டுவிட்டு வருவது, இதில் எது இருந்தாலும் அந்தக் கேபிளை வெட்டித் தூக்கிப் போட்டுவிடுங்கள். வெட்டாமல் போட்டால் வீட்டில் யாராவது எடுத்து மறுபடி மாட்டுவார்கள்.

பழைய பின் லேப்டாப்

உருண்டை பின் சொருகும் லேப்டாப்கள் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் எத்தனையோ இன்றும் வீடுகளில் இருக்கின்றன, அவற்றுக்கு டைப்-சி எங்கே இருக்கப்போகிறது? இவற்றுக்காக ஒரு முனை டைப்-சி, மறுமுனை பின் என்று ஒரு கேபிள் விற்கிறார்கள். ட்ரிகர் கேபிள் என்பார்கள். லேப்டாப் போர்டு போய்விடுமோ என்ற அந்த முதல் பயம் இங்கேதான் உண்மையாகிறது.

இந்தக் கேபிளுக்குள் இருக்கும் சிப், லேப்டாப்புக்குப் பதிலாக அதுவே பவர் பேங்கிடம் "20 வோல்ட் கொடு" என்று கேட்டு வாங்கிவிடுகிறது. மறுபக்கத்தில் இருப்பது என்ன, அதற்கு எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. லேப்டாப்புக்கும் இப்படி ஒரு பேச்சு நடந்தது தெரியாது. லேப்டாப் 19 அல்லது 19.5 வோல்ட் வகையாக இருந்தால் 20 வோல்ட்டைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் விலை குறைந்த சில சின்ன லேப்டாப்கள் 12 வோல்ட் பின் உடையவை. அதே பருமனில், அதே மாதிரி பின். அதில் 20 வோல்ட் போனால் அன்றைக்கே கதை முடிந்தது.

வோல்ட் பொருந்தினாலும் அடுத்த சிக்கல் வாட். லேப்டாப் தன் சொந்த 65 வாட் சார்ஜர் மாட்டியிருப்பதாகவே நினைத்துக்கொண்டு இழுக்கும். பவர் பேங்கால் 45தான் முடியும் என்றால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும், மறுபடி வரும், மறுபடி நிற்கும். டெல், ஹெச்பி லேப்டாப்களின் பின்னுக்கு நடுவே ஊசி மாதிரி மெல்லிய முனை ஒன்று இருப்பதைப் பார்த்திருக்கலாம். சார்ஜர் யாருடையது, எத்தனை வாட் என்று அடையாளம் கேட்பது அதன் வேலை. அடையாளம் கிடைக்காவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. சிலது வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

சார்ஜரின் முதுகில் உள்ள வோல்ட்டையும் பின்னின் நடுமுனை பாசிட்டிவா என்று காட்டும் சின்னப் படத்தையும் படித்துச் சரிபார்க்கத் தெரிந்தவர் மட்டும் ட்ரிகர் கேபிள் பக்கம் போகலாம். மற்றவர்களுக்கு, சுவர் ப்ளக் போலவே ஒரு சாக்கெட் வைத்த பெரிய பவர் பேங்க் இருக்கிறது. அதில் லேப்டாப்பின் சொந்த சார்ஜரையே மாட்டிவிடலாம். பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக ஏற்றி, சார்ஜர் அதைத் திரும்ப 19 வோல்ட்டாக இறக்குவதால் வீணாவது அதிகம். கனமும் விலையும் கூடுதல். இருந்தாலும் லேப்டாப்புக்குப் பழகிய சார்ஜர் வழியாகவே போவதால் நிம்மதி.

எத்தனை மணி நேரம் ஓடும்?

எம்.ஏ.ஹெச்சை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கணக்குப் போட முடியாது, வாட்-ஹவர் வேண்டும், அதாவது எத்தனை வாட்டை எத்தனை மணி நேரம் தர முடியும் என்ற அளவு. பவர் பேங்கின் உள்ளே இருக்கும் செல்லின் சராசரி வோல்ட் 3.7. எனவே 20000 எம்.ஏ.ஹெச் என்பது 20 ஆம்பியர்-ஹவர், அதை 3.7 ஆல் பெருக்கினால் 74 வாட்-ஹவர். 10000 என்றால் 37. இந்த 3.7 வோல்ட்டை 20 வோல்ட்டாக ஏற்றும்போதும், லேப்டாப் அதை வாங்கித் தன் பேட்டரிக்குள் தள்ளும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக வீணாகும். 74-இல் 60 கைக்கு வந்தால் நல்ல பவர் பேங்க். முதல் தலைமுறை எம்1 மேக்புக் ஏரின் பேட்டரி 49.9 வாட்-ஹவர். அதை ஒரு தடவை முழுசாக ஏற்றலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, டாக்குமெண்டும் பிரவுசருமாக வேலை பார்த்தால் ஒரு சாதாரண லேப்டாப் 10 முதல் 15 வாட் எடுக்கும். அப்போது அந்த 60 வாட்-ஹவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

பவர் பேங்கின் பின்னால் 20000 என்று எழுதிவிட்டு அதன் கீழேயே ரேட்டட் கெபாசிட்டி 12000 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற்று வேலை என்று கொதிப்பவர்கள் உண்டு. அது ஏமாற்று இல்லை. அதே இருப்பை 5 வோல்ட்டில் வெளியே எடுத்தால் இழப்பு போக எவ்வளவு வரும் என்ற கணக்கு. அந்த வரியைப் போடுகிற கம்பெனியைத்தான் நான் கொஞ்சம் அதிகம் நம்புவேன்.

நிஜமான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. எழுநூறு எண்ணூறு ரூபாய்க்கு 50000 எம்.ஏ.ஹெச் என்று விற்பதைத் தராசில் வைத்துப் பாருங்கள். 5000 எம்.ஏ.ஹெச் உருளை செல் ஒன்றின் எடை சுமார் 70 கிராம். 50000 வேண்டுமானால் செல்கள் மட்டுமே முக்கால் கிலோவை நெருங்க வேண்டும். 300 கிராமில் அது இருக்கிறதென்றால் உள்ளே 50000 இல்லை. எண்ணில் பொய் சொன்னவர், உள்ளே இருக்க வேண்டிய பாதுகாப்பு சர்க்யூட்டில் மட்டும் உண்மையாக இருந்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

இந்தியாவில் பவர் பேங்குக்கு பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். பொருளின் மேலோ பெட்டியிலோ அந்த முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று காட்டும். கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம். எண் ஒரு பொருளுக்கும் கையில் இருப்பது இன்னொன்றாகவும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சூடுதான் எதிரி

இப்போது இரண்டாவது பயம். லித்தியம் அயான் செல்லுக்குள் பாசிட்டிவ் பக்கத்தையும் நெகட்டிவ் பக்கத்தையும் பிரிப்பது காகிதத்தைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். சுற்றிலும் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் திரவம். கீழே விழுந்து நசுங்கினாலோ, தயாரிக்கும்போதே உள்ளே ஏதாவது துகள் சிக்கியிருந்தாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, கடும் வெப்பத்தில் கிடந்தாலோ அந்தப் படலம் ஒரு இடத்தில் விட்டுப்போகலாம். விட்ட இடத்தில் ஷார்ட், ஷார்ட்டால் சூடு, சூட்டால் உள்ளே ரசாயன மாற்றம், அதனால் இன்னும் சூடு. ஒரு கட்டத்துக்கு மேல் கேபிளைப் பிடுங்கினாலும் அது நிற்காது. பக்கத்துச் செல்லுக்கும் தாவும்.

லேப்டாப்பை சார்ஜ் செய்வதில் கூடுதலாக என்ன இருக்கிறது என்றால், வேகம். 65 வாட் வெளியே போகும்போது உள்ளே எட்டு, ஒன்பது வாட் சூடாக மாறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கையளவு மூடிய பெட்டிக்குள் அது கணிசமான சூடு. தரமான பவர் பேங்க் தன் சூட்டைத் தானே அளந்து, அதிகமானால் வாட்டைக் குறைக்கும், இல்லை நிறுத்திவிடும். ஆனாலும் காற்று வேண்டும். மெத்தையில், தலையணைக்கு அடியில், மூடிய பைக்குள், லேப்டாப்பின் சூடான காற்று வெளியே வரும் ஓட்டைக்கு எதிரே வைக்காதீர்கள். மேசையிலோ தரையிலோ வெறுமனே கிடக்கட்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறையில் மின்விசிறியும் இல்லாமல் வேலை பார்க்க நேர்ந்தால், அன்றைக்கு லேப்டாப்பை மூடிவைத்து மெதுவாக ஏற்றுவது நல்லது. நிறுத்திய காரின் டேஷ்போர்டில் பவர் பேங்கை விட்டுவிட்டுப் போவதைப் போன்ற அலட்சியம் வேறில்லை.

பவர் பேங்க் சுவரில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து லேப்டாப்புக்கும் கொடுக்க சில மாடல்கள் அனுமதிக்கும். அவசரத்துக்கு ஒரு தடவை சரி, தினசரிப் பழக்கமாக வேண்டாம். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே நேரத்தில் நடந்தால் சூடு இரட்டிப்பு. பவர் பேங்குக்கு சார்ஜ் ஏற்றும்போதும் நல்ல சார்ஜரையே பயன்படுத்துங்கள். 74 வாட்-ஹவர் உள்ளதைப் பழைய 10 வாட் போன் சார்ஜரில் போட்டால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனாலேயே இரவில் போட்டுவிட்டுத் தூங்கத் தோன்றும். 45 வாட் டைப்-சி சார்ஜரில் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் வேலை முடியும், விழித்திருக்கும்போதே கழற்றிவிடலாம். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுசாக ஏற்றி வைப்பதும் காலியாக வைப்பதும் செல்லுக்கு ஆகாது.

பெரிய பெயர் என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற பவர்கோர் 10000 மாடலில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தீ அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றது. தவறைக் கண்டுபிடித்துத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு கம்பெனி இருப்பதுதான் பெயருள்ள பொருளின் லாபம். நடைபாதையில் வாங்கியதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? உங்களிடம் இருக்கும் மாடல் எண்ணை வருடத்துக்கு ஒரு தடவையாவது கம்பெனியின் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு எண் முக்கியம்: 100 வாட்-ஹவர். அதுவரை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. எல்லாமே கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் எதுவும் போகக் கூடாது. லேப்டாப்புக்கான பெரிய பவர் பேங்குகள் பலவும் 27000 எம்.ஏ.ஹெச் அருகே நின்றுவிடுவதற்குக் காரணம் இந்த 100தான், பெருக்கிப் பார்த்தால் 99.9 வரும். 30000 என்றால் 111 ஆகிவிடும். 2025 ஜனவரி 28 இரவு தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேறிவிட்டார்கள், விமானத்தின் கூரை எரிந்துபோனது. தலைக்கு மேலே பெட்டி வைக்கும் இடத்தில் கிடந்த ஒரு பவர் பேங்க்தான் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். மார்ச் 1 முதல் அந்த நாட்டு விமானங்களில் பவர் பேங்கை மேலே வைக்கக் கூடாது என்று விதி வந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த ஏப்ரல் முதலும் எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் செய்வதையே தடை செய்துவிட்டன. கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் இப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள், அடிக்கடி மாறுகிறது.

பவர் பேங்க் கெட்டுப்போவதற்கு முன் பெரும்பாலும் அறிகுறி காட்டும். மேசையில் தட்டையாக உட்கார்ந்தது இப்போது ஆடுகிறது, ஓட்டின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு தெரிகிறது என்றால் உள்ளே செல் உப்பிவிட்டது. நெயில் பாலிஷ் போன்ற இனிப்பு வாடை வந்தால் திரவம் கசிகிறது. இரண்டிலுமே அதன் கதை முடிந்தது. மேற்கொண்டு சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்திச் சரிசெய்யாதீர்கள், காற்றை வெளியேற்றுகிறேன் என்று ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். எரியாத தரையில், வெயில் படாத இடத்தில், துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் தனியாக வையுங்கள்.

சீறும் சத்தமோ புகையோ வந்துவிட்டால் முதலில் ஆட்களை வெளியே அனுப்புங்கள், அந்தப் புகை நச்சு. சுவர் மின்சாரத்தோடு தொடர்பு இருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடிந்தால் தூரத்திலிருந்தே தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். லித்தியம் அயானுக்குத் தண்ணீர் ஆகாது என்று பரவலாக ஒரு பேச்சு உண்டு. தீயை அமுக்குவதைவிட செல்லைக் குளிரவைப்பதுதான் இங்கே முக்கியம், அதற்குத் தண்ணீரை மிஞ்சியது இல்லை. அணைந்த மாதிரி தெரிந்த பிறகும் அடுத்த செல் பற்றலாம் என்பதால் கையில் எடுக்காதீர்கள். அறை முழுக்கப் புகையென்றால் எதையும் முயலாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

ஆயுள் முடிந்த பவர் பேங்கைக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கி அங்கேயே பற்றும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ, பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ கொடுக்கலாம். கொண்டுபோகும் முன் எல்லா வாய்களின் மேலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், பையில் கிடக்கும் சாவிக்கொத்து உரசி ஷார்ட் ஆகாமல் இருக்கும்.